எந்தப் பிடி யாருடையது

சேசு மரி சூசை துணை

மேட்டுத்தெரு, இளம்பிள்ளை வழி,
சேலம் ஜில்லா.
6–3–1963, புதன்கிழமை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய ஆரோக்கியத்தின் அப்பா அவர்களுக்கு,

மரியபுஷ்பம் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் குழந்தையும் சுகம். தாங்கள் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நேற்று வந்த தங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அதைக் கேட்கவே பயமாக இருக்கிறது. தொழிற்பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டேன், படுக்கையைச் சுருட்டிக் கட்டிவிட்டேன், சனிக்கிழமை இரவு ரயிலில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தபாலில் போட்டால் இந்தக் கடிதம் மதராசுக்கு வந்து சேர்வதற்குள் நீங்கள் ரயில் ஏறிவிட்டாலும் ஏறிவிடுவீர்கள். அதனால் பொன்னனிடமே கொடுத்தனுப்புகிறேன். இன்று சாயங்காலம் சங்ககிரியிலிருந்து அவன் லாரி கிளம்புகிறது. உங்களிடம் போய் உளறின வாய்தான் இதையும் சுமந்துகொண்டு போகட்டும் என்று அவன் அக்கா கண்ணாத்தாளே சொல்லிவிட்டார். முழுவதும் படியுங்கள். பிறகு படுக்கையைத் தூக்குவதா வேண்டாமா என்று பார்க்கலாம்.

பொன்னன் உங்களிடம் சொன்னது உண்மைதான். பதினான்கு மாதமாக உங்கள் விடுதிச் சாப்பாட்டுக்குக் கட்டுகிற உபகாரச் சம்பளம் பிஷப் மேற்றிராணியார் வீட்டிலிருந்து வருவதில்லை. நம் தெருப் பெண்கள் போடுகிற பிடியரிசியிலிருந்துதான் வருகிறது. பொய் சொன்னது நான். பங்குச் சாமியாரையும், மாதா சபைத் தலைவி சகாயம்மாள் பெரியம்மாவையும் வாய் திறக்கவிடாமல் செய்ததும் நான். போன மாதம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சாமியார் ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். அதில் பாதியை அவரும் சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஏன் மறைத்தாய் என்று கேட்டிருக்கிறீர்கள். மறைக்காமல் வேறென்ன செய்வது? உங்களை எனக்குத் தெரியாதா? உங்கள் அப்பா சவரியார் போன பிறகு, மூன்று வருடம் இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து உங்களுக்குச் சோறு போட்டார்கள். பதினான்கு வயதில் ஒரு கல்யாணப் பந்தியில் மாமா முறையுள்ள ஒருவர், "ஊர்ச் சோத்துல வளந்த ஒடம்பு, இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க, தாங்கும்" என்று சொல்லிச் சிரித்தாராம். பாதி இலையில் எழுந்து போனீர்களாம். அன்றிலிருந்து யார் வீட்டிலும் ஒரு தம்ளர் மோர்கூடச் சும்மா வாங்கிக் குடித்தது கிடையாது. கல்யாணமான புதிதில் என் அப்பா வீட்டு விருந்துக்கு வந்தபோது, கை கழுவின ஈரம் காயுமுன்னே அவருடைய வண்டிச் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக் கொடுக்கப் போனீர்களே, அதை என் தங்கைகள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் அன்றைக்கே சிரிப்பு வரவில்லை. இந்த மனிதருக்கு யார் எதைக் கொடுத்தாலும் உடம்பில் முள் ஏறின மாதிரி ஆகிவிடுகிறதே என்றுதான் இருந்தது.

தொழிற்பள்ளியில் வெல்டிங் கற்க இடம் கிடைத்திருக்கிறது, பாடத்துக்குக் கட்டணம் இல்லை, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மட்டும் மாதாமாதம் கட்ட வேண்டும் என்று சாமியார் வந்து சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "அது நமக்கு ஆகாது சாமி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு லாரி கழுவப் போய்விட்டீர்கள். நான் போய் சகாயம்மாள் பெரியம்மாவிடம் அழுதேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் பெண்களை உட்கார வைத்துப் பேசினார். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட வேண்டும், சனிக்கிழமை சாயங்காலம் சாக்கோடு வருவேன் என்றார். திருவிழாவுக்கு இப்படிச் சேர்த்தது உண்டு. ஒரு ஆள் தொழில் கற்கச் சேர்த்தது இதுதான் முதல் தடவை.

பெயர்தான் பிடியரிசி. தினமும் அரிசி வேகிற வீடு நம் தெருவில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். எந்த வீட்டில் எது வேகிறதோ அதைப் போடுகிறார்கள். சோளம், கம்பு, ராகி, நாலு நாளைக்கு ஒரு முறை அரிசி. எல்லாம் ஒரே சாக்கில் கலந்துவிடுகிறது. கலந்த தானியத்தை யார் வாங்குவார்கள்? முதல் வாரம் சந்தையில் வியாபாரி சாக்கைத் திறந்து பார்த்துவிட்டு, கோழிக்குப் போடக்கூட ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதிலிருந்து ஞாயிறுதோறும் கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சலிக்கிறோம். ராகி சன்னச் சல்லடையில் இறங்கிவிடும். கம்பு அடுத்ததில் இறங்கும். சோளத்தையும் அரிசியையும் முறத்தில் பரப்பிக் கையால் பொறுக்க வேண்டும். பன்னிரண்டு பெண்கள், இரண்டு மணி நேரம். ஊர் வம்பு பேசுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்பதால் ஒருவரும் வராமல் நிற்பதில்லை.

போன கிறிஸ்துமசுக்கு நீங்கள் வந்த நான்கு நாளும் தெருவே கலயத்தை ஒளித்து வைத்தது. சனிக்கிழமை சகாயம்மாள் பெரியம்மா சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நம் வாசலைத் தாண்டினாரே, எங்கே போகிறீர்கள் என்று நீங்கள் கேட்டதற்கு எரு பொறுக்கப் போகிறேன் என்றாரே, அது இதுதான். நல்ல சேலை கட்டிக்கொண்டு யாராவது எரு பொறுக்கப் போவார்களா? நீங்கள் அதைக்கூடக் கவனிக்கவில்லை. எனக்கு உள்ளே போய்ச் சிரிக்க வேண்டியதாயிற்று.

கண்ணாத்தாள் அக்காவைப் பற்றித்தான் உங்களுக்கு அதிக வருத்தம். கல்லுக்குழியில் கல் உடைத்துப் பிழைக்கிற மனுஷி, நம் கோயிலுக்கு வருகிறவளும் இல்லை, அவள் வயிற்றில் அடித்து நான் தின்றேனே என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை யாரும் கேட்கவில்லை. நாங்கள் முதல் சனிக்கிழமை அவர் வீட்டைத் தாண்டிப் போனபோது அவரே கூப்பிட்டு, "ஏனுங்க, எங்கூட்டுச் சோளம் என்ன கசக்குதுங்களா?" என்று சண்டைக்கு வந்தார். கல்லுக்குழியில் உளி முறிந்தால் ஒட்டுவதற்குச் சேலம் டவுனுக்குப் போக வேண்டியிருக்கிறது, அரை நாள் கூலி போகிறது, நம் தெருவிலேயே ஒருவர் கற்றுக்கொண்டு வரட்டும் என்றுதான் அவர் போடுகிறார். உங்கள் மேல் இரக்கப்பட்டு இல்லை. அவர் இரக்கப்படுகிற ஆளும் இல்லை.

பொன்னனைத் திட்டாதீர்கள். "எங்கக்கா தெனமும் உங்களுக்குப் புடி போடுது, சோறு வயித்துக்குப் பத்துதுங்களா?" என்று பாசமாகத்தான் கேட்டிருக்கிறான். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, சங்ககிரி வரைக்கும் ஒரு டீ குடிக்கவில்லையாம். இங்கே அவன் அக்கா அவனுக்குக் கொடுத்ததை நான் எழுத மாட்டேன்.

இரண்டு வாரமாக இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மிச்சத்தை சகாயம்மாள் பெரியம்மாவுக்கு மணியார்டர் செய்கிறீர்களாமே. தபசு காலத்தில் நாங்களும் ஒரு வேளைதான் சாப்பிடுகிறோம், அதைச் சொல்லி மழுப்பாதீர்கள். உங்கள் பட்டினி தபசில் சேராது, கோபத்தில்தான் சேரும். வெறும் வயிற்றோடு அந்த நெருப்பின் முன்னால் நின்று தலை சுற்றி விழுந்தால் என்ன ஆவது? ஒரு நிமிஷம் எங்களை நினைத்தீர்களா?

குழந்தை நீங்கள் அனுப்பின போட்டோவைத் தினமும் கேட்கிறாள். முகமூடி போட்டுக்கொண்டு நிற்கிறீர்களா, முதலில் அப்பாவுக்கு மூஞ்சி இல்லை என்று ஓவென்று அழுதாள். இப்போது முறத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கரண்டியைக் கரண்டியோடு ஒட்டுகிறாள். ஒட்டாவிட்டால் என்னை அடிக்கிறாள். கோபம் யாரைக் கொண்டிருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் மூன்று மாதம். ஜூனில் பரீட்சை, அதோடு சர்டிபிகேட். சங்ககிரியில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைக்காரர் சர்டிபிகேட்டைக் கொண்டு வந்து காட்டினால் அன்றைக்கே வேலை என்று சாமியாரிடம் சொல்லியிருக்கிறார். இப்போது வந்தால் பழையபடி கிளீனர் வேலைதான். பதினைந்து நாளைக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவீர்கள், வந்து தூங்குவீர்கள். நான் உங்களை அனுப்பினது அதற்கா? எல்லாரும் போட்டது போட்டதுதான், நீங்கள் தின்றது தின்றதுதான். அதைப் பாதியில் விட்டுவிட்டு வந்தால் மட்டும் தின்னாதது ஆகிவிடுமா? அந்தச் சாக்கில் என் பிடியும் இருக்கிறது. மாணவன் வீடு போட வேண்டியதில்லை என்றார்கள். நான் கேட்கவில்லை. என் கையால் போட்டதையும் ஊர்ச் சோறு என்பீர்களோ?

உங்கள் மானம் எனக்கும் பெரிதுதான். பதினான்கு வயதில் இலையை விட்டு எழுந்தது சரி, நானாக இருந்தால் அந்த மாமா தலையில் ரசத்தை ஊற்றியிருப்பேன். ஆனால் இது அந்தப் பந்தி இல்லை. இங்கே யாரும் சிரிக்கவில்லை. தயவுசெய்து வராதீர்கள். உங்களைப் பார்க்க ஆசை இல்லாதவள் எழுதுகிற வார்த்தை இல்லை இது. வராதீர்கள்.

பொன்னனிடம் கம்பு மாவு கொடுத்திருக்கிறேன். தறிக்காரர்களுக்கு நூல் தார் சுற்றின என் சொந்தக் கூலியில் வாங்கின கம்பு. தைரியமாகச் சாப்பிடலாம்.

ஆண்டவர் உங்களுக்கு நல்ல புத்தியும் இரவுச் சாப்பாடும் கொடுப்பாராக.

தங்கள் கீழ்ப்படிந்த (இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கீழ்ப்படியாத) மனைவி,
மரியபுஷ்பம்.


சேசு மரி சூசை துணை

மேட்டுத்தெரு,
22–4–1963, திங்கட்கிழமை.

என் அன்புக்குரிய ஆரோக்கியத்தின் அப்பா அவர்களுக்கு,

தோத்திரம். பாஸ்குத் திருநாள் வாழ்த்தும் தங்கள் கடிதமும் கிடைத்தன. பொன்னன் அந்த வாரமே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். விடுதி வாசலில் நின்றபடியே இரண்டு தடவை படித்தீர்களாம். அவனை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனீர்களாம். இவன் பயந்துபோய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தானாம். "படுக்கையை அவுத்து விரிச்சுப்போட்டு மேல உக்காந்துட்டாருங்கக்கா" என்று அவன் சொன்னதும், தார் சுற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே ராட்டையை விட்டுவிட்டு அழுதுவிட்டேன். நூல் சிக்குப் பிடித்து ஒரு மணி நேரம் வீணாயிற்று. அதை உங்கள் பேரில் எழுதி வைத்திருக்கிறேன்.

நீங்கள் கோபத்தில் அனுப்பின மணியார்டர் அதற்கு முன்பே வந்துவிட்டது. பதினோரு ரூபாய். சகாயம்மாள் பெரியம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை சலிக்கிற இடத்துக்குக் கொண்டு வந்து முறத்தின் மேல் வைத்தார். விஷயத்தை நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. எல்லாருக்கும் முகம் சுருங்கிவிட்டது. நாம் போட்டது அவருக்கு அவ்வளவு கேவலமாகப் போயிற்றா என்று சவரியம்மாள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போல் இருந்தது. அப்போது கண்ணாத்தாள் அக்கா கையில் இருந்த சோளத்தை முறத்தில் போட்டுவிட்டு, "பணத்தத் திருப்பிக் குடுக்கறதுன்னா குடுங்க, நான் வேண்டாங்கல. ஆனா என்ற புடி எது, சகாயம்மா புடி எது, புஷ்பம் புடி எதுன்னு மொதல்ல பொறுக்கி எடுத்துக் குடுங்க. அப்பறம் வாங்கிக்கறேன்" என்றார். அதைக் கேட்டுச் சகாயம்மாள் பெரியம்மாவே சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் மரத்தில் இருக்கிற காக்கை பறந்துவிடும், உங்களுக்குத் தெரியுமே.

ஆக, திருப்பி வாங்க யாருக்கும் வழி இல்லை. அப்படியானால் அந்தப் பணம் அடுத்து யார் படிக்கப் போகிறார்களோ அவர்களுக்கு என்று முடிவாயிற்று. அடுத்தது யார் என்று கேட்டபோது கண்ணாத்தாள் அக்கா தலை குனிந்துகொண்டார். அவர் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. அவர் மகள் பூவாத்தாள் எட்டாவது முடித்துவிட்டு இரண்டு வருடமாக அம்மாவோடு கல் சுமக்கிறாள். சேலத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற தையல் பள்ளிக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. துணி வெட்டுவதில் அவளுக்கு நல்ல கை. போன வருடம் ஆரோக்கியத்துக்கு என் பழைய சேலையில் அவள் தைத்த கவுன் இன்னும் தையல் விடவில்லை.

சவரியம்மாள் அக்கா லேசாக இழுத்தார். மாதா சபைப் பணம் ஆயிற்றே, நம் வேதத்துப் பிள்ளைகள் யாராவது இருக்கும்போது என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை, வழக்கத்தைச் சொன்னார். கண்ணாத்தாள் அக்கா எழுந்துவிட்டார். "பதினஞ்சு மாசமா எங்கூட்டுச் சோளத்தச் சலிச்சீங்களே, அது என்ன வேதம்னு சல்லடை கேட்டுச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். சகாயம்மாள் பெரியம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தார். சாமியாரிடம் கேட்டோம். கலயத்தில் கை போட்ட வீடு எல்லாம் ஒன்றுதான் என்றார். ஜூலையில் பூவாத்தாள் போகிறாள். ஆனால் பெண்கள் ஒரு பேச்சு வைத்திருக்கிறார்கள்: முதலில் போனவர் நல்லபடியாக முடித்துவிட்டு வரட்டும், அதைப் பார்த்தால்தான் அடுத்தவருக்கும் மனம் குளிர்ந்து போடத் தோன்றும் என்று. உங்கள் பரீட்சையில் இப்போது பூவாத்தாளுடைய தையல் மெஷினும் ஓடுகிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

எங்கள் எல்லாருக்கும் நீங்கள் எழுதின கடிதத்தை நானே வாசித்துக் காட்டினேன். இரும்பும் இரும்பும் ஒட்டுவதற்கு முன் இரண்டும் உருக வேண்டும், ஒன்று மட்டும் உருகினால் தட்டினதும் விழுந்துவிடும் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் கண்ணாத்தாள் அக்கா, "அப்பறம் என்ன, அவரும் உருகட்டும்" என்றார். இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறீர்கள் என்ற இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். கடைசியில் எல்லாரும் சேர்ந்து சொன்னது இவ்வளவுதான்: நன்றி என்று ஆறு இடத்தில் எழுதியிருக்கிறார், ஒரு இடம் போதும், காகிதம் மிச்சம்.

குழந்தைக்குப் பாஸ்குக்கு முன் அம்மை வார்த்தது. லேசாகத்தான். இப்போது தேறிவிட்டாள். அப்போதே எழுதினால் ஓடி வந்துவிடுவீர்கள் என்று எழுதவில்லை. இனி எதையும் மறைக்கக் கூடாது என்று நினைத்தவள் மறுபடி மறைத்தேன், இதோ சொல்லிவிட்டேன்.

இப்போது உங்கள் வேண்டுதலுக்கு வருகிறேன். இந்த மாதத்திலிருந்து என் பேரிலும் ஒரு பிடி போடு, நான் அதற்குப் பணம் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல எண்ணம்தான். பெரியம்மாவிடம் கேட்டேன். முடியாது என்று சொல்லிவிட்டார். பம்பாயில் மில் வேலைக்குப் போன அவருடைய மகனும் இதே மாதிரி எழுதினானாம், அதையும் மறுத்துவிட்டாராம். பணம் அனுப்புகிறவர்கள் அனுப்பிவிட்டு மறந்துபோவார்கள், பிடி என்பது பசி நேரத்தில் தன் சோற்றிலிருந்து எடுத்து வைப்பது, அந்த உலையில் சாப்பிடுகிறவர் கைதான் அதைப் போட வேண்டும் என்பது அவர் சட்டம். "இங்க வந்து இந்த ஊட்டுல ஒக்காந்து திங்கச் சொல்லு புள்ள. அப்பறம் அவரு கையால அவரே போடட்டும்" என்றார்.

அதனால் உங்கள் பேரில் நான் போடுவதாக இல்லை. நன்றாகப் படியுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பரீட்சை முடியும்வரை உங்கள் தலைக்கு மேல் மாதா கை இருக்கட்டும். நான் இங்கே எனக்கும் குழந்தைக்கும் மட்டும் அளந்து உலை வைத்து வைத்து, அந்த அளவு கைக்குப் பழகிவிட்டது. நேற்று யோசிக்காமலே சரியாக அளந்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை. மூன்று பேருக்கு அளக்க இந்தக் கை மறந்துபோவதற்குள் வந்துவிடுங்கள்.

உங்கள்,
மரியபுஷ்பம்.